ஏழாவது புத்தகம்

மணி மூணு அஞ்சு. நாலு மணிக்கு மூணு பேரும் படியேறி வந்துருவாங்க, அதுக்குள்ள அந்தப் புஸ்தகம் என் கைக்கு வந்தாகணும். எங்க போச்சு சனியன். மேல் தட்டு, இடது ஓரம், பச்சத் துணி அட்ட, முதுகுல பேரு ஊரு ஒண்ணும் கெடையாது, அதனாலயே பாத்தவொடன அடையாளம் தெரியும். தெரியணும். ரெண்டு தடவ தேடியாச்சு. ஒவ்வொரு புஸ்தகமா வெரல வெச்சுத் தொட்டு எண்ணுனா அறுபத்தி நாலு, இன்னொரு தடவ எண்ணுனா அறுபத்தி மூணு, ஆக எண்ணக்கூட வக்கில்ல, போ. ஃபேன் சுத்துது, சுத்தி என்ன பிரயோசனம், மாடி ரூம்பு, கத்திரி வெயிலு, தென்னூர்ல இந்த நேரத்துக்கு ஃபேனு அனலத்தான் அள்ளிக் கொட்டும். செவுத்துல லிஸ்ட்டு ஒட்டிருக்கு. ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஆட்டத்த ஆரம்பிச்சப்ப நானே டைப் அடிச்சு ஒட்டுனது. விண்வெளி ஆட்டத்துக்கு வருபவர்கள் படித்துவிட்டு வர வேண்டிய பத்துப் புத்தகங்கள். அதுக்குக் கீழ மூணு கட்டம், புத்தகம், எழுதியவர், திருட வேண்டியது. மூணாவது கட்டம்தான் என் சொந்தச் சரக்கு. கதையத் திருடாதீங்கப்பா, கத எவன்கிட்ட இல்ல, எடத்தத் திருடு, சட்டத்தத் திருடு, பயத்தத் திருடுன்னு தலப்பாடா அடிச்சுக்குவேன். ஒண்ணாவது புஸ்தகத்துல பூமிய வாடகைக்கு விட்டுட்டுக் கெளம்பிப் போனவங்க கத, அதுல திருட வேண்டியது குடியிருக்க வந்தவன் போட்ட ஒப்பந்தம். மூணாவதுல சந்திரன்ல உப்பளம் போடறவங்க, திருட வேண்டியது அவங்க செருப்பு. அஞ்சாவதுல காது மட்டுமே உள்ள ஜீவராசிங்க, திருட வேண்டியது அதுங்க கல்யாணச் சடங்கு. ஏழாவது, மூச்சறை. எழுதுனவரு கட்டத்துல, அட்டைப் பக்கம் கிழிந்துவிட்டது. திருட வேண்டியது, பேச்சு நின்றால் காற்று நிற்கும். அந்த ஏழாவதத்தான் இப்பத் தேடிக்கிட்டு நிக்கிறேன், தலையில தூசியும் கக்கத்துல வேர்வையுமா.

எவனாவது இந்த லிஸ்ட்ட இத்தன வருஷத்துல படிச்சிருப்பானா? மாட்டான். வந்தவனெல்லாம் சுகந்தி போடற பஜ்ஜிக்கு வந்தவன். அப்பறம் பகடைக்கு. மேசையச் சுத்தி மூணு பேரு உக்காருவாங்க, நான் என் நோட்ட மறைக்கிற அட்டத் தடுப்புக்குப் பின்னாடி உக்காந்து கதைய நடத்துவேன், உங்க கப்பலு இப்ப இங்க நிக்குது, கதவுக்கு அந்தப் பக்கம் என்னமோ சுரண்டுதுன்னு சொல்லுவேன், அவங்க அந்தக் கதைக்குள்ள ஆளா இருந்துக்கிட்டு நான் கதவத் தொறக்குறேன், நான் துப்பாக்கிய எடுக்குறேன்னு சொல்லுவாங்க, நடக்குமா நடக்காதான்னு இருபது மொகம் உள்ள பகடை சொல்லும். அவ்ளோதான் ஆட்டம். இன்பராஜ் இன்னிக்கி வரைக்கும் ஒரு பக்கம் படிச்சதில்ல. சலீம் படிச்சேன்னு பொய் சொல்லுவான், திருடுனதச் சொல்லுடான்னா முழிப்பான். ஃபெல்சியா ஒருத்திதான், பேங்க்ல வேல பாக்குற பொண்ணு, ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் வரிசையா முடிச்சுட்டு வந்து நின்னா. "சார், ஏழாவது எங்கயும் கெடைக்கல சார். பழைய புக் கடைல கேட்டேன், நெட்ல தேடுனேன், அப்புடி ஒரு பேரே வரமாட்டேங்குது. உங்க காப்பியக் குடுங்களேன்." அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் எடுத்து வெக்கிறேன்னு நானும் பெரிய மனுஷனா சொல்லிட்டேன். போன வாரம்தான் அது. ஈஸ்டரு அன்னிக்கி, கோயிலுக்குப் போய்ட்டு வீட்டுல செஞ்ச கேக்கோட வந்தாளே, அன்னிக்கி. காலண்டர்ல தேதி தெரியுது. ஈஸ்டரு எப்ப வந்துச்சு? போன வாரமாத்தான் இருக்கணும், கேக்கு ருசி இன்னும் நாக்குல நிக்குதே, முந்திரி கொஞ்சம் காந்திப் போயி. காலண்டர அப்பறம் பாத்துக்கலாம், இப்ப புஸ்தகம்.

புஸ்தகம் இல்லாட்டி என்ன, மனசுல இருக்குல்ல? இருக்கு. ஒரு வரி விடாம இருக்கு. கைவிட்டுப் போன கப்பலு ஒண்ணு. அதுக்குள்ள வட்டமா ஒரு அறை. கேப்டன் உள்ள போனவொடன கதவு சாத்திக்கும். அந்த அறைல காத்து தானா வராது. பேசுனாத்தான் வரும். செவுரு பூரா காது மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, அது வழியா பேச்சு உள்ள போகும், காத்து வெளிய வரும். ஒரே பேச்சத் திரும்பப் பேசுனா காத்து கொறைஞ்சுரும், புதுசாப் பேசணும். கேப்டன் முதல்ல தன் பேரச் சொல்றான், அம்மா பேரச் சொல்றான், பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவன் பேரெல்லாம் சொல்றான், வாய்ப்பாடு சொல்றான், மோர்க்கொழம்பு எப்புடி வெக்கிறதுன்னு சொல்றான். அடாடா, என்ன சட்டம், எவன் யோசிச்சானோ தெரியல, கும்புடணும் அவன. இந்தச் சட்டத்த நான் ஒம்போது வருஷமா தொடவேயில்ல, பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். இன்னிக்கித்தான் அவங்க மூணு பேரும் அந்தக் கப்பலுக்குள்ள கால வெக்கிறாங்க. மூணு வருஷமா ஓடற ஆட்டத்தோட கடைசி அறை அதுதான். எல்லாம் தயாரு. ஒண்ணத் தவிர. கேப்டன் எப்புடி வெளிய வந்தான்? அதான் வரமாட்டேங்குது. பேசிக்கிட்டே இருக்கான், தொண்ட கட்டுது, வார்த்த தீந்துபோச்சு, அப்பறம்? அப்பறம் எழுதாத பக்கம் மாதிரி வெறும் வெள்ள. என்ன தட்டுனாலும் அதத் தாண்டி வரல. நூத்தி நாப்பது கெரகத்தோட பேரு, சந்தை, சாமி, எவன் எவனுக்கு மாமன் மச்சான், அம்புட்டும் நோட்டுப் பாக்காம சொல்லுவேன், சார் மண்டையா அது ஹார்ட் டிஸ்க்கும்பான் சலீம், அந்த மண்ட இந்த ஒரு எடத்துல மட்டும் பல்லக் காட்டுது. அதுக்குத்தான் புஸ்தகம் வேணும். கடைசி நாலு பக்கம் போதும்.

செல்லுல தேடிப் பாத்தா என்ன. மூச்சறைன்னு போட்டா ஆஸ்பத்திரி வெளம்பரமா வருது. இங்கிலீஷ்ல போட்டுப் பாத்தேன், பேசினா காத்து வர்ற அறைன்னு நீட்டி மொழக்கிப் பாத்தேன், என்னென்னமோ வருது, இது வரல. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே அது பாட்டுக்கு மிச்ச எழுத்த நெரப்பிக் காட்டுது, ஏற்கெனவே யாரோ தேடுன மாதிரி. ஃபெல்சியா செல்லு இல்லியே இது, என் செல்லுதான. சரி, எல்லாச் செல்லும் அப்புடித்தான் நெரப்புது இப்ப. பசிக்குது, மத்தியானம் சரியாச் சாப்புடல. சாப்ட்டேனா? சாப்ட்டேன், கீரை, அப்பளம், ஆமா அப்பளம் நமத்துப் போயிருந்துச்சுன்னு சத்தம் போட்டேன். அது நேத்தா? நிறுத்து ராஜமாணிக்கம். இப்புடிக் கிண்டிக்கிட்டே போனா எவனுக்கும்தான் கொழம்பும். அப்பாவுக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சுது. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு, எந்த பஸ்ஸு எந்த நிமிஷம் வரும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு, ஒரு நாளு சாயந்தரம் என்கிட்ட வந்து மணப்பாற பஸ்ஸு போய்ருச்சாப்பான்னாரு, போய்ருச்சுப்பான்னேன், அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து மணப்பாற பஸ்ஸு போய்ருச்சாப்பான்னாரு. நாலாவது தடவ நான் எரிஞ்சு விழுந்தேன், எத்தன தடவய்யா சொல்றதுன்னு. அவரு மொகம். அடி வாங்குன புள்ள மொகம் அது. அப்ப அவருக்கு அறுபத்தி ரெண்டு. எனக்கு வர்ற ஆடி வந்தா அறுபத்தி ஒண்ணு. கணக்கா முக்கியம் இப்ப, புஸ்தகத்தத் தேடுடா. கட்டில் அடில பாக்கலாம். கட்டில் அடில ட்ரங்குப் பெட்டி, பழைய லேப் ரெக்கார்டு, காலேஜ் பிசிக்ஸ் லேப்ல முப்பத்தி ரெண்டு வருஷம் அசிஸ்டென்ட்டா இருந்ததுக்குப் போத்திவிட்ட சால்வை. புஸ்தகம் இல்ல. பெட்டிக்கு மேல தூசி இல்ல. யாரோ சமீபத்துல இழுத்திருக்காங்க. சுகந்தி கூட்டிப் பெருக்கிருப்பா.

படிக்கட்டுல எறங்கி அடுப்படிக்குப் போனா அவ வாழக்காயச் சீவிக்கிட்டிருக்கா, கடல மாவு கரைச்சு வெச்சிருக்கா, மூணே காலுக்கே எண்ணச் சட்டிய ஏத்திட்டா. "சுகந்தி, பச்ச அட்ட போட்ட புஸ்தகம் ஒண்ணு, மேல இருந்துச்சே, பாத்தியா?" கத்தி நின்னுச்சு. ஒரு நொடிதான், மறுபடியும் சீவ ஆரம்பிச்சுட்டா. திரும்பல. "எந்தப் பச்ச அட்டைங்க?" "அதாண்டி, பேரு இல்லாத புஸ்தகம், பழசு." "நான் ஒண்ணும் எடுக்கலைங்க." குரலு மெதுவா இருக்கு. இவ என்னிக்கி இவ்ளோ மெதுவாப் பேசிருக்கா, புஸ்தகத்தப் பத்திக் கேட்டா உங்க குப்பைய நான் ஏன் தொடறேன்னு ஒரு பாட்டு பாடாம விட்டதில்லியே. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. "கேட்டா மொகத்தப் பாத்து பதில் சொல்லேன்!" அவ திரும்புனா. கண்ணு செவந்திருக்கு. வெங்காயம் எதுவும் அரியல, வாழக்காதான. "அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்"னா. சரின்னுட்டு திரும்பி நாலு படி ஏறுன பொறவுதான் எனக்கு உறைச்சுது. அக்காவையா? கரூர்ல இருக்குற அக்காவுக்கும் என் புஸ்தக அலமாரிக்கும் என்ன சம்மந்தம்? அந்தப் புஸ்தகத்த எனக்கு வாசிச்சுக் காட்டுனவ அக்காதாங்கிறது இவளுக்கு எப்புடித் தெரியும்? நான் சொன்னதே இல்லியே. கல்யாணம் ஆகி முப்பத்தி மூணு வருஷத்துல எப்பவாச்சும் சொல்லிருப்பேன். சொல்லிருக்கணும். படிக்கட்டுக் கம்பி கொதிக்குது, கைய எடுக்கத் தோணாம அப்புடியே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

ஆமா, அக்காதான் வாசிச்சா. எனக்குப் பத்து வயசு, மார்கழில மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம் வரும், படுக்க முடியாது, செவுத்துல தலகாணிய வெச்சு சாஞ்சு உக்காத்தி வெச்சிருப்பாங்க. அம்மா வென்னீருக்கு ஓடும். அக்கா என் கிட்டக்க உக்காந்து மடில அந்தப் பச்ச அட்டப் புஸ்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு வாசிப்பா. நான் எட்டி எட்டிப் பாப்பேன். உள்ள பக்கம் பூராவும் வேத்துக் கெரகத்துக்காரங்க எழுத்து. வளைஞ்ச கோடு, நேர்க் கோடு, ஒண்ணு தடிமனா, ஒண்ணு மெலிசா, பக்கத்துல புள்ளி. அக்காவுக்கு மட்டும் அது வாசிக்கத் தெரியும்னு எனக்கு எம்புட்டுப் பெருமை. அது சரி, இப்பக் கேக்குறேன், எந்த ஊர்க் கதைல கேப்டனுக்கு மோர்க்கொழம்பு வெக்கத் தெரியும்? வெள்ளைக்காரன் எழுதுனதுன்னா மோர்க்கொழம்பு எங்க இருந்து வந்துச்சு? தமிழ்ல எழுதுனதுன்னா அந்த எழுத்து எதுக்கு? கேப்டன் வாய்ப்பாடு சொல்லும்போது பதிமூணாம் வாய்ப்பாட்டுல தப்பு விடுவான், அக்கா நிறுத்திட்டு என்னப் பாப்பா, நான் திருத்துவேன், திருத்தணும்னா மூச்ச விட்டுத்தான பேசணும். அப்ப அறைக்குள்ள இருந்தது யாரு? நான்தான, அக்கா எனக்காகவே கட்டுன கத. லூசுப் பயலே, ஒனக்கு இப்பத்தான் வெளங்குதா! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, படில நின்னுக்கிட்டு தனியாச் சிரிக்கிறேன், இல்லாத புஸ்தகத்தப் போயி லிஸ்ட்டுல ஏழாவதா போட்டு, எழுதுனவரு அட்ட கிழிஞ்சுருச்சுன்னு நம்பி, ஒம்போது வருஷமா செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன், ஃபெல்சியா கடை கடையா ஏறி எறங்கிருக்கா, மானம் போச்சு, ஆனா என்ன ஒரு கூத்து! அந்தச் சிரிப்பு பாதில நின்னுருச்சு. இதே படில நின்னு, இதே மாதிரி, நான் சிரிச்சிருக்கேன். எப்ப? கம்பிச் சூடு, கீழ எண்ண காயுற வாசன, நெஞ்சுல இந்தச் சந்தோஷம், எல்லாமே தெரிஞ்சதா இருக்கு. சில நேரம் அப்புடித் தோணும், எல்லாருக்கும் தோணும், மொத மொறையா போற ஊருகூட முன்ன பாத்த மாதிரி இருக்கும். அதான் இது.

அக்கா ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டா. எப்பவும் செல்ல எங்கயாச்சும் போட்டுட்டு தேடறவ, இன்னிக்கி கையிலயே வெச்சிருந்த மாதிரி. "சொல்றா தம்பி. சாப்ட்டியா?" "சாப்ட்டேன்க்கா. ஒண்ணு கேக்கணும், நீ சிரிப்ப. சின்ன வயசுல எனக்கு மூச்சு இழுக்கும்போது ஒரு புஸ்தகம் வாசிப்பியே, ஞாபகம் இருக்கா?" "பச்ச அட்ட போட்டது. அது என் ஷார்ட்ஹேண்ட் புஸ்தகம்டா. பரீட்சைக்குப் படிக்க மடில வெச்சிருப்பேன், நீ கத கேட்டுப் பிடிவாதம் புடிப்ப, அதப் பாத்து வாசிக்கிற மாதிரி நானா எதையாச்சும் சொல்லுவேன்." நான் பச்சன்னு சொல்லலியே. அம்பது வருஷத்துக்கு முந்துன சமாச்சாரம், எழுவதத் தொடப் போற பொம்பள, ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா, எந்தப் புஸ்தகம்டான்னு கேக்க வேண்டாமா, மனப்பாடமா ஒப்பிச்ச மாதிரி வருது. வேண்டாம், அத விடு, முக்கியமானதக் கேளு. "அக்கா, அந்தக் கேப்டன் கடைசில எப்புடி வெளிய வந்தான்?" அந்தப் பக்கம் டிவி ஓடற சத்தம், யாரோ அத அணைக்கிறாங்க. "முடிவே கெடையாதுடா அதுக்கு. நீ இழுப்பு அடங்கித் தூங்குற வரைக்கும் சொல்லுவேன். நெஞ்சுல கைய வெச்சுப் பாப்பேன், சத்தம் நின்னுருச்சுன்னா நானும் நிறுத்திருவேன். மறுநாளு விட்ட எடத்துல இருந்து சொல்லுன்னு நிப்ப, எங்க விட்டேன்னு எனக்கு எங்க தெரியும், வேற எங்கயாச்சும் இருந்து ஆரம்பிப்பேன்." "அப்ப புஸ்தகமே இல்ல." "இல்லடா." "என்ன ஆளுக்கா நீ! ஒரு ஊரையே ஏமாத்திட்டேன் ஒன்னால." நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. மூக்க உறிஞ்சுறா. "அக்கா, என்னாச்சு, அழுவுறியா?" "ஒண்ணுமில்லடா." "சொல்லு." "மாணிக்கம்..." சின்னதுல கூப்புட்ட மாதிரி கூப்புடுறா. "மாணிக்கம், இதத்தாண்டா போன ஞாயித்துக்கெழமையும் கேட்ட. அதுக்கு முந்துன வாரமும் கேட்ட. இதே மாதிரிதான் சிரிச்ச. சுகந்திதான் சொல்ல வேண்டாம் அண்ணி, கேட்டா புதுசாக் கேக்குற மாதிரியே பதில் சொல்லிருங்க, புதன்கெழம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற வரைக்கும் பொறுங்கன்னா. என்னால முடியலடா. ஒன்கிட்ட நான் எப்புடிடா நடிக்கிறது."

நான் என்ன சொன்னேன்? அழாதக்கான்னு சொன்னேன். வெக்கிறேன்னு சொன்னேன். செல்லக் கீழ எறக்கிப் பாத்தா அதுல இருக்கு, அக்கா பேரு, மூணு ஞாயிறு, ஒண்ணு மூணு முப்பத்தி எட்டுக்கு, ஒண்ணு மூணு இருவத்தஞ்சுக்கு, இப்பப் பேசுனது மூணு முப்பத்தி ஒண்ணுக்கு. ஒண்ணு பதினோரு நிமிஷம், ஒண்ணு ஒம்போது. பேசுனது என் குரலு. கேட்டது என் காது. எதுவும் என்கிட்ட இல்ல. பெட்டி மேல தூசி இல்லாததுக்கு நான்தான் காரணம். செல்லு எழுத்த நெரப்புனதுக்கும் நான்தான். பயமா இருக்கு. வேற எப்புடிச் சொல்றது, பயமாத்தான் இருக்கு. செத்துப் போறதுக்குக்கூட இவ்ளோ பயந்ததில்ல. அப்பாவப் பாத்து எத்தன தடவய்யான்னு கத்துனேனே, அந்த வாய எங்க கொண்டு போயி வெக்கிறது. கீழ மாவு எண்ணைல விழுற சத்தம் கேக்குது. மேல போயி என் நாற்காலில உக்காந்தேன், தடுப்புக்குப் பின்னாடி. இந்த நாற்காலி போய்ரும். மொதல்ல இதுதான் போகும். கதைய நடத்துறவனுக்குக் கத ஞாபகம் இல்லேன்னா அவன் எதுக்கு. அப்பறம் ஒரு யோசன. எதுக்குச் சொல்லணும்? யாருக்குத் தெரியும்? அந்த அறையவே தூக்கிப் போட்டுறலாம். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதாச்சும் ஒரு மிருகத்த விட்டா இன்பராஜ் குஷியாச் சுடுவான், மூணு மணி நேரம் ஓடிரும். எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கலாம், தடுப்புக்குப் பின்னாடி நான் என்னத்தப் பாக்குறேன்னு எவனுக்குத் தெரியும், தடுப்பு எதுக்கு இருக்கு, இதுக்குத்தான. புதன்கெழம டாக்டரு ஏதாச்சும் மாத்திர குடுப்பாரு. ஒரு வருஷம் ஓட்டலாம். ரெண்டு வருஷம்கூட.

படியில செருப்புச் சத்தம். ஃபெல்சியா முன்னாடி, பின்னாடி சலீம், கடைசியா மூச்சு வாங்கிக்கிட்டு இன்பராஜு. "வணக்கம் சார்." "வாங்க வாங்க." சுகந்தி பஜ்ஜித் தட்ட வெச்சுட்டு என் மொகத்தப் பாத்தா. நானும் பாத்தேன். அவளுக்குப் புரிஞ்சு போச்சு, அக்கா சொல்லிட்டான்னு. கீழ எறங்காம கதவுக்கிட்டயே நின்னுட்டா. சலீம் சட்னியத் தேடறான். ஃபெல்சியா நோட்ட எடுக்குறா, பேனா மூடியக் கழட்டுறா, புஸ்தகத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. குடுக்குறேன்னு சொன்ன புஸ்தகம், கேக்க வேண்டாமா? கேக்கல. "ஆரம்பிக்கலாமா சார்?" ஆரம்பிக்கலாம். மிருகத்த விடு ராஜமாணிக்கம், வாயத் தொறந்து மிருகம்னு சொல்லு. அதுங்க மூணும் என்னயே பாக்குதுங்க, ஒம்போது வருஷமா ஞாயித்துக்கெழமைய என்கிட்டக் குடுத்த புள்ளைங்க. இதுங்ககிட்டயா நடிக்கிறது. அக்கா சொன்ன மாதிரி, என்னாலயும் முடியாது. தடுப்ப மடிச்சுக் கீழ வெச்சேன். "ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு சேதி. அந்த ஏழாவது புஸ்தகம் இருக்குல்ல, அது என்னாச்சுன்னா..." சலீம் தட்டப் பாத்து குனிஞ்சுட்டான். இன்பராஜு மெல்லறத நிறுத்திட்டான். ஃபெல்சியா பேனாவ வெச்சுட்டு, கைய மடில கோத்துக்கிட்டு, சிரிச்ச மொகமா நிமுந்து உக்காந்தா. அந்தச் சிரிப்பு நான் சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. "ஏம்மா, இத உங்ககிட்ட நான் ஏற்கெனவே சொல்லிட்டேனா?" "ரெண்டு தடவ சார்"னான் சலீம், மேசைக்குக் கீழ ஃபெல்சியா அவன ஒரு ஒத ஒதச்சா. கதவுக்கிட்ட சுகந்தி முந்தானைய வாய்ல வெச்சுக்கிட்டா. ஃபெல்சியா நாற்காலிய இழுத்து எனக்குக் கிட்டக்கப் போட்டா. "பரவால்ல சார்," அவ சொன்னா, "இன்னொரு தடவ சொல்லுங்க."